இரண்டாம் வார்ப்பு

நவம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டா முரண்டு பிடிக்குது. உன் இருமல் விட்டுச்சா? அட்டைப்பெட்டித் தூசிக்கு மூக்கைக் கட்டிக்கோன்னு எத்தனை தடவை சொல்லியாச்சு, நீ எங்க கேக்கப் போறே.

சரக்கு நேத்து வந்து சேர்ந்துச்சு. நாப்பது கரிக்குருவி. ஒரு கீறல் கிடையாது, ஒரு கைப்பிடிக் கம்பி வளையல. பெட்டி மேல உன் கையெழுத்துல முகவரியைப் பார்த்ததும் நீயே கடைக்கு வந்த மாதிரி இருந்துச்சு. சாயங்காலத்துக்குள்ள பதினொண்ணு போயிடுச்சு. உங்க கம்பெனிப் பட்டியல்ல அந்த எஞ்சினுக்கு ஏதோ ஒரு நம்பர்தான். கரிக்குருவின்னு பேர் வெச்சது எங்க மாடல் ரயில் சங்கத்து ஆளுங்க. உள்ளங்கையில அடங்குற கறுப்பு நீராவி எஞ்சின், தண்டவாளத்துல வெச்சதும் துள்ளிக்கிட்டுக் கிளம்புது. வேற என்ன பேர் வெப்பாங்க.

சங்கத்துக்கு இப்ப ஒரு பல் டாக்டர்தான் தலைவர். மே 16, 17 ரெண்டு நாளும் நகர மண்டபத்துல கண்காட்சி. பன்னிரண்டு கரிக்குருவி ஒரே நேரத்துல ஓடணும்னு அவருக்கு ஆசை. எஞ்சின் நம்பகமானதான்னு கூட்டத்துல எல்லார் முன்னாடியும் என்னைக் கேட்டாரு. "இதைப் பெட்டியில கட்டி அனுப்புறது எங்க அக்கா. குறையுள்ள பொருளை எனக்கு அனுப்ப மாட்டா"ன்னு சொன்னேன். சிரிச்சாங்க, ஆனா வாங்கிட்டாங்க. ஜனவரிக்குள்ள இன்னும் நாப்பது வேணும். பெட்டிகளும் சேர்த்து, அதாவது ரயில் பெட்டிகள்.

போன்ல பேசலாம்தான். உன் வீட்டுப் போன் கூடத்துல இருக்கு, கூடத்துல மாமா இருக்காரு. கடை திறப்பு அன்னிக்கு நான் வேற கம்பெனி எஞ்சினை விக்கப் போறப்ப, உன் வீட்டுக்காரர் உங்க கம்பெனி வார்ப்புப் பிரிவு ஆளாச்சே, அதைத் தலைகீழாப் புரட்டிப் பார்த்து, வாங்க வந்தவர்கிட்டயே "இந்த வார்ப்பு ஒரு வருஷம் தாங்காது"ன்னாரே. அஞ்சு வருஷமாச்சு, எனக்கு இன்னும் ஆறல. அவர் சொன்ன மாதிரியேதான் நடந்துச்சு. அதை அவர்கிட்ட சொல்லிடாதே. என் வணக்கத்தை மட்டும் சொல்லு.

இப்படிக்கு,
உன் தம்பி

•

டிசம்பர் 6

அன்புத் தம்பிக்கு,

உடனே பதில் போடலைன்னு கோவிச்சுக்காதே. இருமல் பரவாயில்லை. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் குடு, மாடிப்படியைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. உன் மாமாவுக்குத்தான் உடம்பு சுகமில்லை. போன மாசம் வீங்கின வலது மணிக்கட்டு இன்னும் வத்தல. சாப்பாடு சரியா இறங்கல. டாக்டர்கிட்ட போங்கன்னா துண்டை உதறிட்டு எந்திரிச்சுப் போயிடுறாரு.

அடுத்த நாப்பது ஜனவரிக்கு வர்றது கஷ்டம். எஞ்சினைச் சுத்தி வெக்கிற நுரை மெத்தை தீர்ந்துபோச்சு. அது வந்தாத்தான் பொட்டலம். அதோட இங்க நிறைய மாறுது. எஞ்சினோட மேல்கூடு எல்லாம் இனிமே வேற தொழிற்சாலையில தயாராகுமாம். இங்க சக்கரம் மாட்டுற அடிச்சட்டம் வார்க்கிறது மட்டும்தான். புதுசா ஒரு கொள்முதல் மேனேஜர் வந்திருக்காரு. எதைக் கேட்டாலும் "வேகம், வேகம்"கிறாரு.

நாப்பதுல எத்தனை மிச்சம் இருக்கு? எல்லாத்தையும் அவசரப்பட்டு வித்துடாதே. கொஞ்சம் கடையில வெச்சுக்கோ, அலமாரிக்கு அழகா இருக்கும்.

சங்கத்துல என்னைப் பத்தியெல்லாம் பேச வேண்டாம். நான் பெட்டி கட்டுறவ, அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கோ.
அக்கா

•

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவோட மணிக்கட்டுக்கு எண்ணெய் தேச்சுப் பார்த்தியா? பார்த்துப் பார்த்துத் தேய், கோவிச்சுக்கப் போறாரு.

கடைக்காரன்கிட்டயே விக்காதேன்னு சொன்ன முதல் ஆள் நீதான். உன் கடிதம் வர்றதுக்குள்ள முப்பத்தெட்டு போயாச்சு. ரெண்டுதான் அலமாரியில உக்காந்திருக்கு, அழகாத்தான் இருக்கு. ஆனா காத்திருக்கிறவங்க பட்டியல்ல இருபத்தாறு பேர் இருக்காங்க.

அக்கா, நீ நுரை மெத்தைங்கிறே. உங்க விற்பனைப் பிரிவுக்கு எழுதினேன், கறுப்பு பெயிண்ட் சரியான பதத்துல வரலைங்கிறாங்க. மொத்த வியாபாரியைக் கேட்டா கப்பல் தாமதம்ங்கிறாரு. மூணு பேரும் ஒரே பொய்யைச் சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்.

பல் டாக்டர் தினமும் கிளினிக்கை மூடிட்டு நேரா இங்க வர்றாரு. ஒண்ணும் கேக்கறதில்லை. அலமாரி முன்னாடி நின்னு ரெண்டு எஞ்சினையும் பார்த்துட்டுப் போயிடுறாரு. கேட்டாக்கூடப் பரவாயில்லை.

எனக்கு ஒரு தேதி சொல்லு. நிஜமான தேதி.

உன் தம்பி

•

ஜனவரி 30

தம்பிக்கு,

இங்க சுகம். மூணு காரணமும் உண்மைன்னு வெச்சுக்கோயேன், உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. தேதி என் கையில இல்லை.

மாமா வேலைக்குப் போறாரு, வர்றாரு, வந்ததும் படுத்துடுறாரு. கொள்முதல் மேனேஜரோட ஏதோ மனஸ்தாபம். அவர் வேலை, என் வேலை, குடியிருக்கிற இந்தக் குவார்ட்டர்ஸ் மூணும் ஒரே கம்பெனி கையில இருக்கு. அதனால நான் எதையும் கிளறப் போறதில்லை. நீயும் விற்பனைப் பிரிவுக்கு இனிமே எழுதாதே.

எஞ்சின் வாங்கினவங்களை ஈரம் படாத இடத்துல வெக்கச் சொல்லு. பொதுவாச் சொல்றேன்.

அக்கா

•

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சௌக்கியம்தானே? ஒரு மாசமா உன்கிட்டேருந்து ஒரு வரி இல்லை.

எங்க சங்கத்துல ஒரு தையல்காரம்மா இருக்காங்க. துணி வெட்டுற மேசையிலயே ஒரு ஊரைக் கட்டியிருக்காங்க. ஸ்டேஷன், பாலம், சின்னச் சின்ன வீடுங்க. வேலை வந்தா ஊரைத் தூக்கிச் சுவரோரமா வெச்சுட்டுத் துணியை விரிப்பாங்க. நேத்து அவங்க கரிக்குருவியைத் துணியில சுத்திக்கிட்டு வந்தாங்க. மூணு நாளா நகரலையாம். மோட்டார் உறுமுது, சக்கரம் சுத்தல. கொடுத்தது எண்ணெய் போட்டுச் சரி பண்ணிடுவேன்னு நம்பி.

திறந்து பார்த்தேன். அடிச்சட்டம் ஊதியிருக்கு அக்கா. ஆக்சில் போற ஓட்டை சுருங்கி சக்கரத்தைக் கடிச்சுப் பிடிச்சிருக்கு. முன்பக்கம் முடி மாதிரி ஒரு வெடிப்பு.

பல் டாக்டர் அங்கதான் நின்னுக்கிட்டிருந்தாரு. பையிலேருந்து பல்லைப் பார்க்கிற குட்டிக் கண்ணாடியை எடுத்து, எஞ்சினோட வாய்க்குள்ள விட்டு ரொம்ப நேரம் பார்த்தாரு. அப்புறம் மெதுவா, "இது கீழே விழுந்து வந்த வெடிப்பு இல்லை. சொத்தை மாதிரி உள்ளேருந்து வந்திருக்கு"ன்னாரு. தையல்காரம்மா என்னைப் பார்த்தாங்க. கம்பெனிக்கு எழுதிக் கேக்கறேன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

உனக்கு எழுதறேன். இது ஒரு எஞ்சினோட குறையா, எல்லாத்துக்குமா? அதை மட்டும் சொல்லு.

உன் தம்பி

•

மார்ச் 27

அக்கா,

பதில் இல்லை. உடம்பு சரியில்லையா? ரெண்டு தடவை போன் பண்ணினேன். மாமா எடுத்து "ஹலோ"ன்னாரு. உடனே வெச்சுட்டேன். யாரோ கிறுக்கன்னு அவர் திட்டியிருந்தா, அது நான்தான்.

இன்னும் நாலு வந்துடுச்சு. எல்லாம் அதே இடத்துல அதே வெடிப்பு. கண்காட்சிக்கு ஏழு வாரம் இருக்கு.

தம்பி

•

ஏப்ரல் 10

தம்பிக்கு,

அலமாரியில இருக்கிற ரெண்டையும் விக்காதே. வித்ததைக் கண்காட்சியில ஓட விடாதே. வேற எதையாவது ஓட்டச் சொல்லு.

ஏன்னு என்னைக் கேக்காதே.

முழங்கால் எப்படி இருக்கு?

அக்கா

•

ஏப்ரல் 16

அக்காவுக்கு,

முழங்கால் இருக்கட்டும்.

"கேக்காதே"ன்னா என்ன அர்த்தம்? உனக்குத் தெரியும்னு அர்த்தம். நான் முப்பத்தெட்டு பேர் முகத்துல முழிக்கணும். உன் பேரைச் சொல்லி வித்தேன். "எங்க அக்கா அனுப்ப மாட்டா"ன்னு நான் சொன்னதைப் பஸ் டிரைவர் ஒருத்தர் நேத்து எனக்கே திருப்பிச் சொல்லிக் காட்டினாரு. கத்தல, சிரிக்கல. சும்மா சொன்னாரு.

உன் கடிதம் வந்தப்புறம், அலமாரியில இருக்கிறது, திரும்ப வந்ததுன்னு எல்லாப் பெட்டியையும் கொட்டித் தேடினேன். ஒவ்வொரு எஞ்சினுக்கு அடியிலயும் ஒரு சீட்டு இருக்கு, இத்தனை நாள் நான் கவனிக்கல. "வார்ப்பு 2. சோதித்துச் சரி பார்க்கப்பட்டது." கீழே ஒரு கையெழுத்து. கடைசி எழுத்தைக் கொக்கி மாதிரி மேல இழுத்து விட்டிருக்கு. உன் கல்யாணப் பதிவுல அந்தக் கொக்கியைப் பார்த்து நான்தான் கிண்டல் பண்ணினேன், ஞாபகம் இருக்கா?

ஆக, மாமா. ஊரான் வார்ப்பை என் கடையில நின்னு குறை சொன்னவர், தன் வார்ப்புக்குக் கையெழுத்துப் போட்டு எனக்கே அனுப்பியிருக்காரு. நீ அவரைக் காப்பாத்த நாலு மாசமா எனக்கு நுரை மெத்தைக் கதை சொல்லியிருக்கே.

சங்கப் பத்திரிகை எல்லா ஊர்ச் சங்கத்துக்கும் போகுது. மே மாச இதழுக்கு இந்தச் சீட்டைப் படம் பிடிச்சு அனுப்பப் போறேன். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. உனக்கு எப்போ தெரியும்?

தம்பி

•

ஏப்ரல் 29

மச்சானுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ஷிப்ட் முடிந்ததும் அடுத்தவருக்கு எழுதி வைக்கும் குறிப்பு மட்டுமே தெரியும். அப்படியே எழுதுகிறேன்.

நீங்கள் எழுதிய கடிதத்தை உங்கள் அக்கா என்னிடம் கொடுக்கவில்லை. காலையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

முதல் வார்ப்பு நல்லது. அதில் யாருக்கும் குறை வராது. இரண்டாம் வார்ப்புக்குப் புதிய மேனேஜர் வேறு இடத்திலிருந்து துத்தநாகக் கட்டிகள் வாங்கினார். பழைய சாமான்களை உருக்கிச் செய்தவை. உருக்கியதும் மேலே படியும் ஏட்டின் நிறத்தைப் பார்த்தேன். ஈயம் கலந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஈயம் கலந்த துத்தநாகம் வெளியே வழவழவென்று இருக்கும். உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக ஊதும். சில மாதத்திலோ சில வருஷத்திலோ வெடிக்கும். ஈரம் பட்டால் சீக்கிரம்.

மேனேஜரிடம் சொன்னேன். பரிசோதனைக்கு அனுப்புவோம், முடிவு வரும் வரை நிறுத்துவோம் என்றேன். நிறுத்தினால் கடைகளுக்குச் சொன்ன தேதி தவறும், இப்போது கையெழுத்துப் போடு, கெட்டது என்று முடிவு வந்தால் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்றார். எண்ணூறு சீட்டு. இரண்டு நாள் உட்கார்ந்து போட்டேன். முதல் சீட்டில் கை தயங்கியது. நூறைத் தாண்டியதும் தானாக ஓடியது. நானூறாவது சீட்டிலாவது எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. என் கழுத்தில் யாரும் கத்தி வைக்கவில்லை.

பரிசோதனை முடிவு டிசம்பரில் வந்தது. நான் நினைத்ததுதான். சரக்கை நிறுத்திவிட்டார்கள். ஆனால் போனதைத் திருப்பி எடுக்கவில்லை, கடைகளுக்குச் சொல்லவும் இல்லை. நுரை மெத்தை, பெயிண்ட், கப்பல் என்று ஆளுக்கொன்று சொல்லச் சொன்னார்கள். எப்போது திருப்பி எடுப்பீர்கள் என்று தினமும் மேனேஜரிடம் கேட்டேன். கேட்டது மட்டும்தான் நான் செய்தது.

உங்கள் அக்காவுக்கு இதில் எதுவும் தெரியாது. தன்னிடம் வந்ததைக் கட்டி அனுப்பினாள். அவளிடம் கோபிக்க வேண்டாம்.

சீட்டைப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். கையெழுத்து யாருடையது என்பதையும் போடுங்கள். இன்று காலை முதலாளிக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உங்கள் முழங்கால் சீக்கிரம் குணமாகட்டும்.

•

மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் எப்படி இருக்கீங்க? இது ரெண்டு பேருக்கும் சேர்த்து எழுதுறது.

மாமாவோட கடிதம் வந்த வாரமே சங்கக் கூட்டம். எழுந்து நின்னு எல்லாத்தையும் சொன்னேன். ஈயம், சீட்டு, கையெழுத்து, கையெழுத்துப் போட்டவர் எங்க மாமாங்கிறது, அவரே எழுதிச் சொன்னது. முப்பத்தெட்டையும் திரும்ப எடுத்துக்கறேன்னேன். பஸ் டிரைவர் எழுந்து, "பெட்டி கட்டினது உங்க அக்காதானே? அவங்களுக்குமா தெரியாது?"ன்னு கேட்டாரு.

"தெரியாது"ன்னேன். மாமா எழுதினதை அப்படியே சொன்னேன். அவர் தலையை ஆட்டிட்டு உக்காந்துட்டாரு.

பத்திரிகைக்கும் எழுதிட்டேன். மாமா கேட்டுக்கிட்டபடியே.

கண்காட்சி நடந்துச்சு. பல் டாக்டர் பெரிய தண்டவாளத்தைக் காலியா விடல. ஆளாளுக்கு வீட்டுல கிடந்த பழைய எஞ்சினைக் கொண்டு வந்து ஓட்டினோம், அளவு மட்டும்தான் ஒண்ணு, மத்தபடி கலர் கலரா ஒரு கதம்பம். பக்கத்துல ஒரு மேசை போட்டு, வெடிச்ச கரிக்குருவிகளை வரிசையா வெச்சு, ஒரு பூதக்கண்ணாடியையும் கட்டித் தொங்க விட்டாரு. ரெண்டு நாளும் அதிகக் கூட்டம் அங்கதான். தையல்காரம்மா அந்த மேசைக்குப் பின்னாடி நின்னு வந்தவங்களுக்கெல்லாம் துத்தநாகப் பாடம் எடுத்தாங்க.

ஆறு பேர் இனிமே என் கடைக்கு வர மாட்டேன்னு சொல்லிட்டாங்க. மத்தவங்க வருவாங்கன்னு நினைக்கிறேன்.

உன்மேல சந்தேகப்பட்டு எழுதினதுக்கு மன்னிச்சுக்கோ அக்கா. அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கவே கூடாது.

உன் தம்பி

•

ஜூன் 14

அன்புத் தம்பிக்கு,

நான் நல்லா இருக்கேன். மாமா இப்ப நல்லாச் சாப்பிடுறாரு.

நடந்ததைச் சொல்லிடறேன். பத்திரிகை வந்த மறுவாரம் முதலாளி மாமாவைக் கூப்பிட்டாரு. மேனேஜர் தனக்கு ஒண்ணும் தெரியாது, வார்ப்புப் பிரிவுல சரின்னு கையெழுத்து இருந்துச்சு, அனுப்பினேன்னு சொல்லிட்டாரு. கையெழுத்து இருக்கிறது உண்மைதானே. இருபத்திரண்டு வருஷ வேலை, அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது. மேனேஜர் அதே நாற்காலியில இருக்காரு. குவார்ட்டர்ஸை ஜூலை கடைசிக்குள்ள காலி பண்ணணும்.

ஆனா ரெண்டாம் வார்ப்பு எண்ணூறுக்கும் புது அடிச்சட்டம் அனுப்பறதா கம்பெனி எல்லாக் கடைக்கும் எழுதியிருக்கு. உன் பங்கும் இதுக்குள்ள கடைக்கு வந்திருக்கும். சுத்தத் துத்தநாகத்துல வார்த்தது. உன் முப்பத்தெட்டையும் தானே வந்து மாத்திக் குடுக்கறேன்னு மாமா சொல்றாரு. திங்கட்கிழமை பஸ்ஸுல வர்றாரு. தானா அவர் பேசுற வரைக்கும் நீ எதுவும் பேசாதே. காபியில சர்க்கரை வேண்டாம்.

நீ மன்னிப்புக் கேட்டு எழுதின வரியைப் படிச்சதுலேருந்து எனக்கு இருப்புக் கொள்ளல. எனக்குத் தெரியாதுன்னு மாமா எழுதினாருல்ல, அது பொய். எனக்காகச் சொன்ன பொய்.

சீட்டுல கையெழுத்துப் போட்ட ரெண்டாவது நாள் சாயங்காலம் மணிக்கட்டு வீங்கி வந்தாரு. என்னன்னு கேட்டேன், சொன்னாரு. மறுநாள் காலையில உன் நாப்பதையும் கட்டினேன். முதல் வார்ப்புல அறுபது பெட்டி பக்கத்து அடுக்குல இருந்துச்சு, வேற ஒரு கடைக்குப் போக வேண்டியது. கையை நீட்டி மாத்தி வெச்சிருக்கலாம். அந்தக் கடைக்காரனுக்கும் ஒரு அக்கா இருப்பாளே, அவனுக்கு மட்டும் கெட்டதைப் போடலாமான்னு தோணுச்சு. அப்போ யாருக்குமே போடாம நிறுத்தணும், அதுக்குத் தைரியம் இல்லை. யோசிச்சுக்கிட்டே டேப்பை ஒட்டிட்டேன். முகவரியை நல்லா அழகா எழுதினேன்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். பெட்டியை மூடும்போதே தெரியும்.

அக்கா

•

ஜூன் 21

அக்காவுக்கு,

மாமா வந்து சேர்ந்துட்டாரு. மணிக்கட்டு சரியாயிடுச்சு. முதல் நாள் என்கிட்ட பேசினது ஒரே வாக்கியம், "இந்த வெளிச்சம் போதாது." விளக்கை மாத்திக் குடுத்தேன். பதினாலு முடிச்சுட்டாரு. பல் டாக்டர் தினமும் வந்து பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்துக்கறாரு. ஒருத்தர் திருகாணியைக் கேக்காமலே இன்னொருத்தர் எடுத்துக் குடுக்கறாரு. நேத்து சாப்பிடும்போது மாமா, கடை திறப்பு அன்னிக்கு எஞ்சின் வாங்க வந்தவரைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும்னு சொன்னாரு. எல்லார் முன்னாடியும் சொன்னது தப்புதான்னாரு. நான் குழம்பை ஊத்தினேன்.

உன் கடிதம் மாமா கிளம்பி வந்த அன்னிக்கே வந்துச்சு. அவர்கிட்ட காட்டல. நாலு நாளாச் சட்டைப் பையிலயே இருக்கு.

கோவம் இல்லைன்னு எழுதினா நீ நம்ப மாட்டே. இருக்கு. பஸ் டிரைவர் கேட்டதுக்கு எல்லார் முன்னாடியும் "தெரியாது"ன்னு நான் சொன்னது பொய்யாப் போச்சு. ஜூலை முதல் வெள்ளிக்கிழமை அடுத்த கூட்டம். அன்னிக்கு எழுந்து அதையும் திருத்திச் சொல்லணும். சொல்லத்தான் போறேன். நீ பக்கத்துல இருந்தா நல்லது. வர மாட்டேன்னாலும் சொல்லுவேன்.

மாடியில பின்பக்க அறை சும்மாதான் கிடக்கு. சாமானை இங்க கொண்டு வந்துடு. ஜூலை கடைசி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். முப்பத்தெட்டையும் திரும்பப் பெட்டியில போட்டு அவங்கவங்க வீட்டுக்கு அனுப்பணும். மாமாவுக்குக் கட்டத் தெரியல, நான் கட்டினா கைப்பிடிக் கம்பி வளையுது. நீதான் கட்டணும்.

டேப்பை ஒட்டுறதுக்கு முன்னாடி என்னை ஒரு தடவை கூப்பிடு.

தம்பி